வேலை தேடுவதும் ஒரு வேலையே

கலாசாலைகளில் கடைசி வருஷப் பரீட்சைகள் முடிந்து, பிள்ளைகள் பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பும் காலம் வந்துவிட்டால், நமது காரியாலயத்திற்கு ஒரு தினுசான விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். தகப்பனார் முன்னே வருவார். பையன் இரண்டடி பின்னே நிற்பான். தகப்பனார் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் மார்க்குப் பட்டியல்களும், பையனின் படம் ஒட்டிய பயோடேட்டா என்ற காகிதமும் இருக்கும். "நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்தவர்கள் நீங்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்பார். நாம் பையனைப் பார்த்து, "தம்பிக்கு எந்த வேலையில் விருப்பம்?" என்று கேட்போம். பையன் வாய் திறப்பதற்குள், "எந்த வேலையானாலும் சரி" என்று தகப்பனாரே பதில் சொல்லிவிடுவார்.

இந்தக் காட்சி நமக்கு மட்டும் உரியதன்று. நமது நேயர்களில் பெரும்பாலோர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். தேர்தல் வேலை செய்தவர்கள், சங்கம் நடத்துகிறவர்கள், வாசகசாலை வைத்திருப்பவர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைக்கும் இதே உறை வருகிறது. அவர்களும் நம்மைப் போலவே அதை வாங்கி மேஜைமீது வைத்து, "பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த உறைகள் பிறகு எங்கே போகின்றன என்பதை அவரவர் மேஜை இழுப்பறை அறியும். "பார்க்கிறேன்" என்ற அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் ஆறு மாதம் காத்திருக்கிறது என்பதை எண்ணும்போது, இது பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். உயர்கல்வியில் தமிழ்நாடு இந்தியாவில் முன்வரிசையில் நிற்கிறது என்பது வீண் பெருமையன்று. 2021-22-ம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி, கலாசாலை வயதில் உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் 100-க்கு 47 பேர் உயர்கல்வியில் சேர்ந்திருந்தார்கள். தேச முழுவதுக்கும் அந்தக் கணக்கு 28.4 தான். ஆனால் படித்தவர்களுக்குப் பிழைப்பு உண்டா என்று பார்த்தால் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் இந்திய இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை 100-க்கு 3.4, பட்டதாரிகளிடையே 29.1. படிக்காதவனுக்கு வேலை சுலபமாகக் கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவன் சும்மா இருந்தால் அன்று அடுப்பு எரியாது. ஆகையால் கிடைத்ததைச் செய்கிறான். பட்டதாரியின் வீட்டில் யாரோ ஒருவர் உழைத்து அவனைக் காத்திருக்க வைக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

அஜீம் பிரேம்ஜி சர்வகலாசாலை 2023-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 100-க்கு 42-க்கு மேல். 35 வயதைக் கடந்த பட்டதாரிகளிடையே அது 5-க்கும் கீழே. ஆகவே பட்டதாரிகள் கடைசியில் ஏதோ ஒரு வேலைக்குப் போகத்தான் போகிறார்கள். இடையில் கழியும் வருஷங்களே கேள்வி. இருபத்தொரு வயது முதல் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது வரை, ஒரு மனிதன் எதையும் கற்றுக்கொள்ளக்கூடிய வயதில், அவன் என்ன செய்கிறான்? காத்திருக்கிறான். அறிவிப்புக்குக் காத்திருக்கிறான், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறான், மாமா சொன்ன மனிதரின் பதிலுக்குக் காத்திருக்கிறான். நமது பிள்ளைகள் வேலை தேடுகிறார்கள் என்று சொல்வது மரியாதைக்காகச் சொல்வதே. பெரும்பாலோர் தேடவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

இந்தக் குறையைப் பிள்ளைகள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. இதற்கு நெடுங்காலத்து வேர் இருக்கிறது. 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், இங்கிலீஷ் படித்தவர்களுக்கே சர்க்கார் உத்தியோகத்தில் முதலிடம் என்று தீர்மானம் செய்தார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1857-ல், சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது. ஆகவே இந்த நாட்டில் கலாசாலைப் பட்டம் பிறப்பதற்கு முன்பே, படிப்பு என்பது உத்தியோகத்துக்குச் சீட்டு என்ற எண்ணம் பிறந்துவிட்டது. ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று; இந்த எண்ணம் மாத்திரம் மாறவில்லை. ஆனாலும் அந்தச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கையைப் பாருங்கள். அவர் ஆசிரியராயிருந்தார், பத்திரிகை நடத்தினார், கணக்கு இலாகாவில் வேலை பார்த்தார், பிறகு சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியானார். இடையில் 1887-ல் கலித்தொகையை அச்சிட்டுத் தமிழுலகுக்குக் கொடுத்தார். முதல் பட்டதாரியே ஒரே நாற்காலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை.

இப்பொழுது சர்க்கார் பரீட்சையின் விஷயத்துக்கு வருவோம். ஏனெனில் நமது இளைஞரின் காலத்தில் பெரும் பகுதியை விழுங்குவது இதுதான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூன் மாதத்தில் நடத்திய நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் இருநூறு பேருக்கு மேல் ஓர் இடம் என்றே ஆயிற்று. பத்தாம் வகுப்புத் தேறினால் போதும் என்ற உத்தியோகங்கள் இவை. பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் இதற்கு வந்து நின்றார்கள்.

பரீட்சை எழுதாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. சிபாரிசு இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, மார்க்கு ஒன்றையே கேட்கும் பரீட்சையைப் போல் நேர்மையான வாசல் வேறில்லை என்பதை நாம் அறிவோம். 1929-ல் இந்தியாவின் மாகாணங்களுக்கெல்லாம் முன்னதாகச் சென்னையில் பணியாளர் கமிஷன் ஏற்பட்டதை நாம் இன்றும் பெருமையுடனேயே சொல்லிக்கொள்கிறோம். எழுதுங்கள், ஆனால் கணக்கோடு எழுதுங்கள். எத்தனை தடவை, எந்த வயது வரை என்பதை முதல் புத்தகம் வாங்கும் அன்றே தகப்பனாரும் பிள்ளையும் உட்கார்ந்து முடிவு செய்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தேர்வாணையம் வருஷத்துக்கு ஒருமுறை திட்ட அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்த்தாலே அடுத்த பன்னிரண்டு மாதத்தில் என்ன வரும், என்ன வராது என்பது ஓரளவு தெரிந்துவிடும். தமிழ்த் தாளில் 100-க்கு 40 வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்ற விதி இருப்பதையும் மறக்கக்கூடாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010-ம் வருஷத்துச் சட்டப்படி 100-க்கு 20 இடம் ஒதுக்கீடு உண்டு. அதற்கான அத்தாட்சிகளைப் பள்ளியிலும் கலாசாலையிலும் இப்பொழுதே வாங்கி வைத்துக்கொள்ளாமல், தேறிய பிறகு பழைய பள்ளிக்கூடத்தைத் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு வேலையில் இருந்துகொண்டே பரீட்சைக்குப் படிப்பது முடியாத காரியமன்று. காலையில் இரண்டு மணியும் இரவில் ஒரு மணியும் ஒழுங்காகப் படிப்பவன், நாள் முழுதும் கோச்சிங் வகுப்பின் மாடிப்படியில் அரட்டை அடிப்பவனைவிட முன்னே போகிறான்.

வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்னொரு கூட்டத்தார். இந்த ஆபீஸ்கள் 1945-ல், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக ஏற்பட்டவை. 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. 1959-ல் வந்த சட்டம் காலியிடங்களை இந்த ஆபீஸ்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றதே தவிர, இங்கிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும், ஆபீஸ் அனுப்பும் பெயர்களோடு நின்றுவிடாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகையால் பதிவு செய்யுங்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பியுங்கள். ஆனால் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் உட்காராதீர்கள்.

சர்க்காரை விட்டால் கம்பெனிகள். கலாசாலைக்கே வந்து ஆளெடுக்கும் காம்பஸ் இண்டர்வியூ என்ற ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அது பெரிய பொறியியல் கலாசாலைகளுக்குக் கிடைப்பதைப் போல், சிறிய ஊர்களின் கலைக் கல்லூரிகளுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்த இடத்திலும் அது கல்லில் எழுதிய எழுத்தன்று. 2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்டு நியமனக் கடிதம் கையில் வாங்கிய பட்டதாரிகள் பலர், வேலையில் சேரும் தேதி வராமல் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது பத்திரிகைகளில் வந்த செய்தி. கடிதம் வந்தவுடன் வீட்டில் பாயசம் வைத்தார்கள். பிறகு வங்கிக் கல்விக் கடனுக்குத் தவணை ஆரம்பித்துவிட்டது. கையில் கடிதம் இருந்தாலும், முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறும் வரையில் தேடுவதை நிறுத்தக்கூடாது என்பதை அந்தப் பிள்ளைகள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

சரி, தேடுவது எப்படி? முன்னே சொன்ன பையனின் கதையையே எடுத்துக்கொள்வோம். தகப்பனாரை அனுப்பிவிட்டு, மறுநாள் அவனை மட்டும் தனியே வரச் சொன்னோம். வந்தான். ரசாயனம் படித்தவன், திருப்பூருக்குப் பக்கத்துக் கிராமம். அவனுடைய விண்ணப்பத்தில், "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவன், எந்தச் சவாலையும் ஏற்பவன்" என்றெல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. யாரோ எழுதியதை யாரோ நகலெடுத்து, அதிலிருந்து இவன் நகலெடுத்தது. இதில் ஒரு வேடிக்கை: நமது காரியாலயத்திற்கே ஒரு சமயம் வந்த விண்ணப்பத்தில், "தங்களது உரத் தொழிற்சாலையில் சேர நெடுநாள் ஆசை" என்று கண்டிருந்தது. பெயரை மாற்ற மறந்துவிட்டார் போலும். நமது பத்திரிகையை உரத் தொழிற்சாலை என்றதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்!

அந்தப் பையனை, "கலாசாலையில் உன் கையாலேயே செய்த வேலை என்ன?" என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்து, கடைசி வருஷத்தில் ஊர்க் கிணறுகளின் தண்ணீரை எடுத்து, உப்பு எவ்வளவு, கடினத் தன்மை எவ்வளவு என்று சோதித்து ஒரு நோட்டில் குறித்து வைத்ததாகச் சொன்னான். நோட்டு இருக்கிறதா என்றோம். பரண்மேல் இருக்கிறது என்றான். அவனுடைய ஊரைச் சுற்றிலும் சாயப் பட்டறைகள். 2011-ல் சென்னை ஹைகோர்ட் உத்தரவால் அவை மூடப்பட்டு, சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற கண்டிப்புடன் மறுபடி திறந்த கதை அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களில் அன்றாடம் நடக்கிற வேலையே தண்ணீரைச் சோதித்து நோட்டில் குறிப்பதுதான்! அந்த நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, சென்னையில் "எந்த வேலையாவது" கேட்டு அலைகிறான் பையன்.

"எந்த வேலையானாலும் சரி" என்ற வார்த்தை பணிவாகத் தோன்றலாம். வேலை கொடுப்பவர் காதில் அது வேறு விதமாக விழுகிறது. இவனுக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடிக்கும் சிரமத்தையும் அவர் தலையில் சுமத்துவதாக அது ஆகிறது. ஓர் இடத்துக்கு எழுதும்போது, அந்த இடத்தில் நடக்கும் காரியம் இன்னது, அதில் நான் செய்யக்கூடியது இன்னது, அதற்கு அத்தாட்சி இன்னது என்று மூன்று விஷயங்களைச் சுருக்கமாக எழுதினால் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இன்று பெரிய கம்பெனிகளில் விண்ணப்பங்களை முதலில் யந்திரமே சலிக்கிறது. விளம்பரத்தில் கேட்ட தகுதியின் பெயர் விண்ணப்பத்தில் இல்லாவிட்டால், மனிதர் கண்ணில் அது படாமலே போகலாம். ஆகவே விளம்பரத்தை இரண்டு தடவை படித்து, அதில் கேட்ட விஷயம் தன்னிடம் உண்மையாகவே இருக்குமானால் அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். இல்லாததை எழுதுகிறவன் இண்டர்வியூவில் இரண்டாம் கேள்வியில் அகப்பட்டுக்கொள்வான்.

ஆனால் விளம்பரமாகும் வேலைகள் மட்டுமே வேலைகளல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியுள்ள ஏற்றுமதி ஏஜெண்டுகளின் ஆபீஸ்கள், கரூர் ஜவுளிக் கம்பெனிகள், கோவை பம்பு செட் பட்டறைகள், சிவகாசி அச்சகங்கள் ஆகிய இடங்களிலெல்லாம் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. சிறு முதலாளி பத்திரிகையில் விளம்பரம் செய்வதில்லை, தன்னிடம் இருக்கும் ஆளைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரிந்த பையன் எவனாவது இருக்கிறானா?" என்கிறார். அந்தக் கேள்வி காதில் விழும் தூரத்தில் நிற்பவனுக்கு வேலை கிடைக்கிறது.

அந்தத் தூரத்துக்குப் போவது எப்படி என்பதில்தான் நமது ஜனங்கள் தவறு செய்கிறார்கள். நெருங்கிய உறவினரையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அமெரிக்க சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரத்தை அடுத்த நியூட்டனில், படித்த உத்தியோகஸ்தர்கள் எப்படி வேலை பெற்றார்கள் என்று விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழக்கமான ஒருவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 100-க்கு 17 பேர்கூட இல்லை. எப்பொழுதாவது பார்க்கும் மனிதர் மூலமே பெரும்பாலோர் வேலை பெற்றார்கள். காரணம் எளிது. நமது நெருங்கிய கூட்டத்தாருக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வர வேண்டும். 2022-ல் லிங்க்டின் என்ற இண்டர்நெட் ஸ்தாபனத்தின் இரண்டு கோடி அங்கத்தினர்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. மிக நெருங்கியவருமன்றி, முற்றிலும் அந்நியருமன்றி, நடுத்தரமாகப் பழகியவர் மூலமே வேலைமாற்றம் அதிகம் என்று அதிலும் கண்டார்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது மிகவும் முக்கியமான விஷயம். அவனுடைய சித்தப்பாவும் மாமாவும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களல்ல. அவர்களைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் அவன் படித்த கலாசாலையில் அவனுக்கு மூன்று வருஷம் முன்னே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம். வேலை கேட்டு எழுத வேண்டாம். "தாங்கள் செய்யும் வேலை எப்படிப்பட்டது? அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? தாங்கள் முதலில் எப்படி உள்ளே போனீர்கள்?" என்று கேட்டால் போதும். சிபாரிசு கேட்பது வேறு, விவரம் கேட்பது வேறு. சிபாரிசு கேட்டவனைக் கண்டால் மனிதர் ஒளிகிறார். விவரம் கேட்டவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துத் தம்முடைய கதையைச் சொல்கிறார். ஒரு வாரம் கழித்து அவருடைய ஆபீஸில் இடம் காலியானால், அவர் நினைவுக்கு வரும் முகம் யாருடைய முகம்?

இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்துச் செய்ய முடியாது. ஒரு நோட்டு வேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில் எழுதினோம், என்ன பதில் வந்தது, மறுபடி எப்பொழுது விசாரிக்க வேண்டும் என்று குறித்து வர வேண்டும். பத்து நாளில் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். வாரத்துக்குப் பத்துக் கடிதம் என்பது அதிகமில்லை. பலசரக்குக் கடைக்காரர் கணக்கு எழுதுவதைப் போல் தினமும் எழுத வேண்டும். இதை இரண்டாம் வருஷத்து விடுமுறையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு ஆரம்பிப்பது, பசி வந்த பிறகு விதை நெல்லைத் தேடுவதைப் போன்றது.

இன்னொரு வழியைப் பற்றி நமது கிராமாந்தரங்களில் பலர் கேள்விப்படவே இல்லை என்பது ஆச்சரியம். 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டுப் பட்டதாரிகளுக்கும் விரிந்தது. ஒரு வருஷம் தொழிற்சாலையிலோ ஆபீஸிலோ பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, அதில் ஒரு பகுதியை மத்திய சர்க்கார் கொடுக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2019-ல் விதித்தார்கள். தென்னிந்தியாவுக்கு இதை நடத்தும் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை, தொகையும் பெரிதன்று, நகரத்தில் அறை வாடகைக்கே பாதி போய்விடும். இவற்றை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் "அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்கு முதன்முதலாக "உண்டு" என்று சொல்லக் கிடைக்கும் வழி இது. வீட்டுத் திண்ணையில் கழியும் ஒரு வருஷத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பெண்களின் விஷயத்தில் தடை வேறு விதம். மார்க்கில் அவர்கள் பின்தங்கவில்லை. "வெளியூரானால் வேண்டாம்" என்று சொல்லி, கிடைத்த இடத்தைத் தகப்பனாரே திருப்பிவிடுகிறார். தங்குமிடம் பற்றிய பயம் நியாயமான பயமே. அதற்காகச் சர்க்கார் 'தோழி' என்ற பெயரில் உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு விடுதிகள் கட்டியிருக்கிறது. விடுதியைப் போய் நேரில் பார்க்காமலே "வேண்டாம்" என்று சொல்லும் தகப்பனாரிடம் ஒன்று கேட்கிறோம்: மூன்று வருஷம் கட்டிய கலாசாலைச் சம்பளம் எதற்காக?

மோசக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்காக ஏங்குகிறவன் எதையும் நம்புவான் என்பதை அவர்கள் நன்றாய் அறிவார்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தமிழ் இளைஞர்களை அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, பிறரை ஏமாற்றும் தொழிலைச் செய்யும்படி நிர்ப்பந்தித்தார்கள். சிலர் மீட்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் 1983-ம் வருஷத்துச் சட்டப்படி மத்திய சர்க்காரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வாங்கக்கூடாது. தமிழ்நாடு சர்க்காரே நடத்தும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே ஒரு விசாரணை செய்தாலே பாதி மோசம் வெளிப்பட்டுவிடும். உள்ளூர் விஷயத்திலும் ஒரு விதி போதும்: வேலை கொடுக்கிறவர் பணம் கேட்டால், அவர் வேலை கொடுக்கிறவரல்லர். அசல் சர்ட்டிபிகேட்டுகளையும் யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முதலாளி வைத்திருப்பது காகிதத்தை அன்று, ஆளையே.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆள் கிடைக்கவில்லை, படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வர்த்தக சங்கக் கூட்டங்களில் பேசுகிறவர்கள், தங்களிடம் வந்த விண்ணப்பங்களுக்கு "இல்லை" என்று ஒரு வரி பதிலாவது எழுதுகிறார்களா? சம்பளமில்லாமல் ஆறு மாதம் வேலை வாங்கிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைப்பவர்கள், தங்கள் பிள்ளையை அப்படி ஒரு ஆபீஸுக்கு அனுப்புவார்களா? சர்க்காரும் காலி இடங்களை வருஷக்கணக்கில் நிரப்பாமல் வைத்திருந்து, பிறகு ஒரே அறிவிப்பில் லட்சக்கணக்கானவர்களைத் திரட்டும் வழக்கத்தை விட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் எத்தனை ஆயிரம் வீடுகளில் காத்திருப்பை நீட்டுகிறது என்பதை இலாகாத் தலைவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடைசியாக, திண்ணைக்கு உறை வரும் நமது நண்பர்களுக்கு வருகிறோம். "பார்க்கிறேன்" என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முடியாது என்றால் அன்றே முடியாது என்று சொல்லுங்கள். பையன் வேறு கதவைத் தட்டுவான். ஊரில் உங்களுக்கு எத்தனையோ பேரைத் தெரியும். மில் மானேஜரைத் தெரியும், ஆடிட்டரைத் தெரியும், ஏற்றுமதிக்காரரைத் தெரியும். சிபாரிசுக் கடிதம் கொடுப்பதற்குப் பதிலாக, மாதம் ஒருவரை வாசகசாலைக்கு அழைத்து வந்து, தம் தொழிலில் எப்படிப்பட்ட ஆள் தேவைப்படுகிறது என்று ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். அரசியல் கூட்டத்துக்கு நாற்காலி போடும் கைகளுக்கு இது கடினமா? வாசகசாலை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, அந்த வட்டாரத்தில் காலியாயிருக்கும் இடங்களையும், பரீட்சைகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதிகளையும், பழகுநர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் இடங்களையும் வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். உங்கள் கட்சிக்காரர் பிள்ளையும் எதிர்க்கட்சிக்காரர் பிள்ளையும் அதைப் படிக்கட்டும். எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்றால், நல்ல கையெழுத்துள்ள பட்டதாரி ஒருவன் அதே தெருவில் சும்மா இருப்பான்; அவனையே கூப்பிடுங்கள்.